பழைய பிஸ்கட் டின்: இங்கிலாந்தா, முடிசூட்டா, மலிபனா?

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத் தொடர்மாடியில் இருக்கும் நண்பர் ஒருவர் போன மாதம் கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரி ஒன்று வாங்கினார். நாலு தட்டு. என்னத்துக்கு என்று வீட்டில் கேட்டதற்கு, "புத்தகம் அடுக்க" என்று சொல்லியிருக்கிறார். உண்மையில் அது பழைய பிஸ்கட் டின் அடுக்க. என்னிடமுள்ள இருபத்தெட்டையும் வந்து பார்த்துவிட்டுப் போனதிலிருந்து அவருக்கு இந்தப் பித்து பிடித்துவிட்டது. கையில் ஐம்பதாயிரம் ரூபா வைத்திருக்கிறார். அதற்கு இங்கிலாந்திலிருந்து ஒரு நல்ல டின் எடுப்பதா, இல்லை கொழும்பிலேயே தேடிப் பத்துப் பன்னிரண்டு சேர்ப்பதா என்று கேட்டார்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரித்தானிய ராசா ராணி முகம் போட்ட முடிசூட்டு விழா டின்னில் தொடங்குங்கள். அதைக் கடையில் தேட வேண்டாம், தெரிந்தவர்கள் வீட்டுக் குசினியில் தேடுங்கள். உள்ளூர் டின் கண்ணில் பட்டால் விடாதீர்கள். இங்கிலாந்து டின் ஒன்றே ஒன்று, அதுவும் இரண்டு மழைக்காலம் கழிந்த பிறகு. ஏன் இந்த வரிசை என்பதற்குத்தான் மிச்சக் கதை.

இங்கிலாந்து டின்

டின் சேர்ப்பவர்கள் வாயில் முதலில் வரும் பெயர் ஹன்ட்லி அன்ட் பாமர்ஸ். 1822இல் ரெடிங் நகரில் சின்ன பிஸ்கட் கடையாகத் தொடங்கியது. எதிரே குதிரைவண்டிகள் நிற்கும் விடுதி. வண்டி நிற்கும் நேரத்தில் ஒரு பையன் கூடையோடு போய்ப் பயணிகளுக்கு பிஸ்கட் விற்பான். வழியில் பிஸ்கட் உடையாமல், மொறுமொறுப்புக் குறையாமல் இருக்க, இரும்புச்சாமான் தொழிலில் இருந்த கடைக்காரரின் மகன் தகரப்பேணி செய்து கொடுத்தார். பிஸ்கட்டும் டின்னும் சேர்ந்தே வளர்ந்த கதை அது. 1900 அளவில் உலகத்திலேயே பெரிய பிஸ்கட் கம்பனி அதுதான். ரெடிங் தொழிற்சாலையில் பிஸ்கட் சுடுவது 1976இல் நின்றது.

அலங்கார டின் என்று சொல்லத்தக்க முதல் டின்னை அவர்கள் 1868இல் விட்டார்கள். வடிவமைத்தவர் ஓவன் ஜோன்ஸ் என்ற கட்டடக் கலைஞர். அப்போது படத்தைத் தாளில் அச்சிட்டுத் தகரத்துக்கு மாற்றி ஒட்டும் முறைதான் இருந்தது. 1875இல் ரொபர்ட் பார்க்லே என்பவர் புதிய வழி ஒன்றுக்குக் காப்புரிமை எடுத்தார். அச்சுக்கென்று கல்லில் வரைந்த படத்தை முதலில் வேறொரு பரப்பில் பதித்து, அதிலிருந்து தகரத்தில் பதிப்பது. கல்லும் தகரமும் இரண்டும் கடினம், நேராக முட்டினால் மை சீராகப் பதியாது, அதனால் நடுவில் மெத்தென்று ஒன்று. இன்றைக்குப் பத்திரிகை அச்சடிக்கும் ஓப்செட் முறையும் இதுதான். தாளுக்கு அது வந்தது 1900க்குப் பிறகு. ஆக, நம் வீரகேசரிப் பத்திரிகைக்கு முன்பே பிஸ்கட் டின் ஓப்செட்டில் அச்சாகிவிட்டது.

1890களிலிருந்து கம்பனிகள் டின்னின் வடிவத்திலேயே விளையாட ஆரம்பித்தன. கூடை, பூச்சாடி, மணிக்கூடு என்று எல்லாவற்றையும் தகரத்தில் செய்தார்கள். 1900இல் ஹன்ட்லி அன்ட் பாமர்ஸ் விட்ட 'லைப்ரரி' டின் எட்டுப் புத்தகங்களை ஒரு வாரால் கட்டி வைத்ததுபோல இருக்கும். நண்பருக்கு ஆசை இதில்தான். வீட்டில் புத்தகம் என்று சொன்ன பொய்யும் ஓரளவுக்கு உண்மையாகிவிடும் என்று நினைக்கிறாரோ என்னவோ. முதலாம் உலகப்போர் வந்ததும் இந்த ஆடம்பரமெல்லாம் நின்றது. பிறகு திரும்ப வந்தாலும், சேர்ப்பவர்கள் அதிகம் தேடுவது போருக்கு முந்திய டின்களைத்தான்.

அழகு என்று பார்த்தால் இதற்குப் போட்டியில்லை. லண்டன் விக்டோரியா அன்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பிரித்தானிய பிஸ்கட் டின்களுக்கென்றே ஒரு பெரிய சேகரிப்பு இருக்கிறது. ரெடிங் அருங்காட்சியகத்தில் ஹன்ட்லி அன்ட் பாமர்ஸுக்குத் தனிக் கூடமே உண்டு. அவற்றின் இணையப் பக்கங்களில் படத்தோடு ஆண்டும் போட்டிருப்பார்கள். வாங்கப்போகும் டின்னை அதோடு வைத்து ஒப்பிடலாம். மற்ற இரண்டு வகைக்கும் இந்த வசதி இவ்வளவு கிடையாது.

கொழும்பிலிருந்து வாங்கும்போது மூன்று இடத்தில் அடி விழும். முதலாவது கூரியர். டின் பாரமில்லாத பொருள்தானே என்று நினைப்போம். கூரியர்காரர்கள் இடத்துக்குத்தான் காசு கேட்பார்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பது வழக்கமான கணக்கு. 30, 25, 20 என்று ஒரு பெட்டி இருந்தால் மூன்று கிலோ. உள்ளே இருக்கும் டின் முக்கால் கிலோகூட வராது, ஆனாலும் மூன்று கிலோவுக்குத்தான் கட்டவேண்டும். சின்னப் பெட்டியில் அனுப்பச் சொல்லலாம், நானும் ஒருமுறை சொன்னேன். மூலையில் நசுங்கி வந்தது. தகரத்தில் நசுங்கல் என்பது நிமிர்த்தினால் சரியாகிற விஷயம் இல்லை. நிமிர்த்தும்போது அந்த இடத்துப் படம் செதில் செதிலாக உதிரும். இதோடு சுங்கத் தீர்வையும் உண்டு. எவ்வளவு வரும் என்று காசு கட்டமுன் கேட்டு வைப்பது நல்லது.

இரண்டாவது, மறுபதிப்பு. 1970கள், 80களில் 'அந்தக் காலத்து' டின்கள் என்று கம்பனிகளே நிறையத் திரும்ப அச்சடித்தன. ஏமாற்ற அடித்தவை இல்லை. ஆனால் நாற்பது ஐம்பது வருடம் குசினியில் கிடந்தால் அதுவும் நூறு வயசுக்காரி மாதிரித்தான் தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வைத்திருங்கள். மறுபதிப்பில் புள்ளிகள் ஒரே ஒழுங்கில், சின்னப் பூப்பூவாக வட்டம் கட்டி நிற்கும். பழையதில் புள்ளிகளைக் கல்லில் கையால் வைத்திருப்பார்கள். அதனால் ஒன்று பெரிது, ஒன்று சிறிது, இடைவெளியும் ஒழுங்கில்லை. பல இடங்களில் புள்ளியே இல்லாமல் முழு நிறமாக இருக்கும். பார்கோட் இருந்தால் லென்ஸே தேவையில்லை. ஆனால் இணையத்தில் வாங்கும்போது லென்ஸைத் திரையில் வைத்துப் பார்க்க முடியாதே. விற்பவரிடம் நெருக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பாதவரிடம் வாங்காதீர்கள்.

மூன்றாவது நம்முடைய காற்று. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முடிசூட்டு டின்

இதில் எனக்குப் பக்கச்சார்பு உண்டு. மறைக்கவில்லை.

பிரித்தானிய அரச குடும்பத்தில் யாருக்காவது முடிசூட்டினால் பிஸ்கட், சொக்லட் கம்பனிகளெல்லாம் முகம் போட்ட டின் விடும். 1902, 1911, 1937, 1953. இவற்றோடு 1897இலும் 1935இலும் ஆட்சிக்கால ஆண்டு நிறைவு விழாக்கள். தேதி டின்னிலேயே இருப்பதால் வயது கண்டுபிடிக்கும் வேலை இல்லை. ஆனால் அந்தத் தேதியிலேயே கதையும் இருக்கிறது. ஏழாம் எட்வர்டுக்கு 1902 ஜூன் 26 என்று நாள் குறித்திருந்தார்கள். இரண்டு நாள் இருக்கும்போது குடல்வால் அழற்சி என்று சத்திரசிகிச்சை செய்யவேண்டி வந்தது. முடிசூட்டு ஓகஸ்ட் 9க்குத் தள்ளிப்போனது. டின்கள் அதற்குமுன் அடித்து முடிந்துவிட்டன. அதனால் ஜூன் தேதி போட்ட டின்தான் கூடுதலாகக் கண்ணில் படும். அதை 'பிழை அச்சு, அபூர்வம்' என்று சொல்லி விலை கேட்பவர்கள் இருக்கிறார்கள், சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

எட்டாம் எட்வர்ட் கதையும் அப்படித்தான். 1937 மே 12இல் முடிசூட்டு என்று டின், கோப்பை எல்லாம் தயாரித்துக்கொண்டிருந்தபோது 1936 டிசம்பரில் மனுஷன் முடியே வேண்டாம் என்று போய்விட்டார். தம்பி ஆறாம் ஜோர்ஜுக்கு அதே தேதியில் சூட்டினார்கள். 'முடிசூடாத ராசாவின் டின்' என்றதும் கிடைக்கவே கிடைக்காத பொருள் என்று நினைப்போம். அடித்ததெல்லாம் அதற்குமுன்பே நிறைய அடித்தாகிவிட்டது, ஆட்களும் ஞாபகத்துக்கென்று வாங்கி வைத்தார்கள். ஆகவே அதற்குப் பெரிய விலை கொடுக்கத் தேவையில்லை.

கொழும்பில் கூடுதலாக அகப்படுவது 1953 ஜூன் 2, எலிசபெத் ராணி. காரணம் லேசானது. 1948இல் சுதந்திரம் கிடைத்தாலும் 1972 மே மாதம் குடியரசாகும்வரை அவர் இலங்கைக்கும் ராணிதான். 1954 ஏப்ரலில் நேரில் வந்தும் போனார். கோட்டையில் யோர்க் வீதிச் சிவப்புக் கட்டடத்து கார்கில்ஸ் போன்ற கடைகளில் இறக்குமதி பிஸ்கட் வாங்கிய வீடுகளில் அந்த டின் தங்கிவிட்டது. பிஸ்கட் ஒரு கிழமையில் முடிந்திருக்கும். டின்னை யார் எறிவது? நல்ல மூடி போட்ட பேணியை நம் வீடுகளில் எறிந்த சரித்திரம் இல்லை. சீனி, தேயிலை, கோப்பித்தூள், தீபாவளிக்கு முறுக்கு, அதன்பிறகு ஊசி நூல், கடைசியில் பழைய காணி உறுதி.

கொட்டாஞ்சேனையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டில்தான் என் நல்ல 1953 டின்னைப் பார்த்தேன். குசினி மேல்தட்டில், பருப்புப் போத்தலுக்குப் பின்னால். மூடியில் நீலப் பின்னணியில் இளம் ராணி. பக்கங்களில் பொன் நிறக் கோடு. அடியைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குத் துரு. முன்னொரு காலம் நிலத்தில் வைத்திருந்து, நிலம் கழுவும்போதெல்லாம் நனைந்திருக்க வேண்டும். திறந்தால் தும்மல் வந்தது. உள்ளே மிளகாய்த்தூள்.

"தம்பி, இதை உங்களிட்டத் தந்தா நான் தூளை எதுக்குள்ள வைக்கிறது?"

"காசு தாறன் ரீச்சர், புதுசு ஒண்டு வாங்குங்கோ."

"காசு வேண்டாம். இதுபோல மூடி இறுக்கமான பேணி ஒண்டு கொண்டு வாங்கோ. எறும்பு போகக்கூடாது."

மூன்று பேணி கொண்டுபோய்க் காட்டினேன். முதல் இரண்டையும் மூடித் திறந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். மூன்றாவதை எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து பழைய வீடுகளுக்குப் போகும்போது பையில் ஒரு நல்ல பேணி இருக்கும். காசு என்றால் ஆட்கள் யோசிப்பார்கள். 'அப்ப இதுக்கு என்ன விலை இருக்கும்?' என்று மகனுக்குப் போன் போகும், பேரன் இணையத்தில் தேடுவான். பேணிக்குப் பேணி என்றால் இரண்டு பக்கமும் திருப்தி. ஆனால் ஒன்று: டின் அபூர்வமானது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் அதைச் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. 1953 டின் உலகத்தில் ஏராளம். இங்கிலாந்தில் சில பவுண்டுக்கே வாங்கலாம். நாளைக்கு விற்றுக் காசாக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் இந்தப் பக்கம் வரவேண்டாம். வடிவமும் பெரும்பாலும் சதுரம், நீள்சதுரம், வட்டம். 'லைப்ரரி' டின்னைப் பார்த்துப் பிரமித்த கண்ணுக்கு இது சாதாரணம். நான் இதை முதலில் சொல்வதற்குக் காரணம், கைக்கு வந்த பிறகு செய்யும் பிழைகளை இதில் செய்து பழகலாம் என்பதுதான். நான் பழகியது என் மாமியின் தயவில். 1937 டின் ஒன்றை அவரிடம் ஒரு கிழமை வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தால், "துருப்பிடிச்சுக் கிடந்துது, துலக்கி வச்சிருக்கிறன்" என்றார். தும்பும் சாம்பலும் போட்டுத் துலக்கியிருக்கிறார். ராணி தப்பிவிட்டார். ராசா ஜோர்ஜின் முகம் இருந்த இடத்தில் பளபளவென்று வெள்ளித் தட்டு. இன்னும் வைத்திருக்கிறேன். அந்த டின் முந்நூறு ரூபாவுக்கு வாங்கியது. இதே துலக்கல் 'லைப்ரரி' டின்னுக்கு நடந்திருந்தால் மாமிக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை இருந்திருக்காது.

உள்ளூர் டின்

மலிபன் 1954இல் பிஸ்கட் செய்யத் தொடங்கியது. மஞ்சி பெயரில் விற்கும் சிலோன் பிஸ்கட்ஸ் 1968இல் வந்தது. இவர்களுடைய பழைய டின்களைப் பற்றிப் பட்டியலும் கிடையாது, அருங்காட்சியகக் கூடமும் கிடையாது. அதுதான் இதில் ருசி. யாரும் போலி செய்யவில்லை, யாரும் விலை ஏற்றவில்லை. மூன்று மொழியிலும் எழுத்துப் போட்டிருக்கும். பழைய தமிழ் அச்செழுத்தின் சுழியைப் பார்க்கவே ஒன்றிரண்டு எடுத்து வைக்கலாம். இன்றைய கணினி எழுத்தில் அந்த உருண்டை இல்லை.

வயது பார்ப்பதில் ஒரு சின்ன விளையாட்டு இருக்கிறது. 1972இல் நாட்டின் பெயர் சிலோனிலிருந்து ஸ்ரீ லங்கா ஆனது. ஆங்கில வரியில் எங்கே செய்தது என்று போட்டிருப்பதைப் பார்த்தால் முன்னா பின்னா என்று தெரியும். தமிழ் வரி உதவாது, நாம் அன்றும் இலங்கை என்றுதான் சொன்னோம், இன்றும் அதுவே. கம்பனிப் பெயரில் சிலோன் இருப்பதைப் பார்த்து 'ஆகா, 72க்கு முந்தியது' என்று துள்ளவும் வேண்டாம். சிலோன் பிஸ்கட்ஸ் இன்றைக்கும் சிலோன் பிஸ்கட்ஸ்தான். இராத்தலில் நிறை போட்டிருந்தால் பழசு என்பதற்கு அது கூடுதல் சாட்சி, கிராம் வந்தது 1970களில் மெட்ரிக் அளவுக்கு மாறியபோது.

இதில் பிரச்சினை கிடைப்பதுதான். இங்கிலாந்து டின் 'நல்ல சாமான்' என்று மேல்தட்டில் இருந்தது. உள்ளூர் டின் தினமும் கையில் புழங்கித் துருப்பிடித்துப் பழைய இரும்புக்குப் போய்விட்டது. நல்ல நிலையில் ஒன்று கண்டால் அன்றே எடுக்கவேண்டும். டென்மார்க் பட்டர் குக்கீஸின் நீல வட்ட டின் இந்தக் கணக்கில் வராது, அது கொழும்பில் வீட்டுக்கு ஒன்று இருக்கிறது. திறந்தால் பிஸ்கட் இருக்கும் என்று நம்பி ஊசி நூலைப் பார்த்து ஏமாறாத பிள்ளையே இல்லை.

எங்கே வாங்குவது

வீடுகள் போக, போத்தல் பேப்பர்காரர்தான் என் அடுத்த ஆள். எங்கள் ஒழுங்கைக்கு வருபவரிடம், மூடியோடு படம் போட்ட பழைய டின் வந்தால் இரும்பு விலையைப்போல ஐந்து மடங்கு தருகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வருடத்தில் ஒன்றோ இரண்டோ கொண்டுவருவார். கூடவே நாற்பது பால்மா டின்னும் காட்டுவார், பொறுமை வேண்டும். பழம்பொருள் கடைகளில் பித்தளை, கதிரை, மணிக்கூட்டுக்கு நடுவே டின் இருந்தால் அதற்கு உல்லாசப் பயணி விலை சொல்வார்கள். வீடு காலி செய்யும் ஏலங்களில் குசினிச் சாமானை ஒரு குவியலாக விடுவார்கள். டின்னுக்காக ஒரு குவியல் சட்டிபானையும் எடுத்துக்கொண்டு வர வீட்டில் சம்மதம் இருந்தால் போங்கள்.

கனடாவில் இருக்கும் அண்ணனுக்கு ஒன்று அனுப்பலாம் என்று நினைத்தால், பழைய பொருள்களை நாட்டுக்கு வெளியே அனுப்பக் கட்டுப்பாடு உண்டு. தொல்பொருளியல் திணைக்களத்தில் முதலில் கேளுங்கள்.

காற்று

கடைசியாக, எல்லாவற்றையும் தீர்மானிக்கும் விஷயம். தகரம் என்று நாம் சொல்வது உருக்குத் தகட்டின்மேல் மெல்லிய வெள்ளீயப் பூச்சு. பூச்சு முழுசாக இருக்கும்வரை உருக்குக்குப் பாதுகாப்பு. கீறல் விழுந்தால் கதை மாறும். கூரைத் தகட்டில் இருக்கும் நாக (சிங்க்) பூச்சு, தான் அரிபட்டு உருக்கைக் காப்பாற்றும். வெள்ளீயம் அப்படிச் செய்யாது. தான் பத்திரமாக இருந்துகொண்டு, கீறலில் தெரியும் உருக்கை இன்னும் வேகமாக அரிபட விடும். அதனால்தான் டின்னில் துரு பரந்து வராமல் ஊசி குத்தினதுபோலப் புள்ளி புள்ளியாக ஆழமாக இறங்குகிறது. இதோடு வெள்ளவத்தை உப்புக்காற்றையும் சேருங்கள். மரைன் டிரைவ் பக்கம் ஜன்னல் கிரில்லைத் தடவினால் கையில் ஒட்டுகிறதே, அதே உப்பு டின்னிலும் படியும்.

நூற்றிருபது வருடம் இங்கிலாந்து அலுமாரியில் இருந்த டின் ஒன்று இங்கே வந்து முதல் மழைக்காலத்தில் என்ன செய்யும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நம் வீட்டு மிளகாய்த்தூள் டின் எழுபது மழைக்காலத்தைக் கண்டுவிட்டது, அது துருப்பிடிக்கவேண்டிய இடமெல்லாம் பிடித்து முடிந்தது. அதனால்தான் இரண்டு மழைக்காலம் உள்ளூரில் பழகிவிட்டு, அலுமாரி டின்னைக் காப்பாற்றுகிறதா என்று பார்த்துவிட்டு, அதன்பிறகு இங்கிலாந்துக்குக் காசு அனுப்பச் சொல்கிறேன்.

செய்யவேண்டியது கொஞ்சம்தான். உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். அழுக்குப் போகாவிட்டால் அடிப்பக்கம் ஒரு மூலையில் லேசாக நனைத்த துணியை வைத்துப் பார்த்து, நிறம் வராவிட்டால் மட்டும் தொடருங்கள், உடனே ஈரத்தை ஒற்றி எடுங்கள். பித்தளை மினுக்கும் திரவம் வேண்டவே வேண்டாம், அது படத்தையும் மினுக்கிக் கொண்டுபோய்விடும். நிறமில்லாத மெழுகு மெல்லியதாக ஒரு பூச்சு. மூடியை இறுக்கி அடிக்காமல் மேலே வையுங்கள். பொலித்தீன் பையில் கட்டினால் ஈரத்தை உள்ளே வைத்துக் கட்டியதாகும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளைத் தட்டுக்கு இரண்டு போட்டு, மாதம் ஒருமுறை காயவைத்துத் திரும்பப் போடுங்கள்.

நண்பரின் அலுமாரி இப்போது பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில், மேற்குப் பார்த்து நிற்கிறது. பின்னேர வெயிலும் கடற்காற்றும் நேராக அடிக்கும் இடம். டின் ஒன்றும் வாங்கமுன் அதை உள் சுவருக்குத் தள்ளச் சொல்லியிருக்கிறேன். வீட்டில் ஏன் என்று கேட்டால், புத்தகத்துக்கு வெயில் ஆகாது என்று சொல்லட்டும்.